என் வகுப்பில் அழலாம்

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் உத்தியோகம் என்றால் மூக்கைத் துடைத்துவிட்டு அ, ஆ எழுத வைக்கிற வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நிஜமான வேலை.

சின்னப் பிள்ளைகளோடு மல்லாடிய டீச்சர்கள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சளியா, அழுகையா என்று தூரத்திலிருந்தே நமக்குத் தெரிந்துவிடும். சளிக்கு முந்தானை போதும். அழுகைக்கு? ஆசிரியப் பயிற்சியில் மணிச்சட்டம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், களிமண்ணில் கத்தரிக்காய் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா செத்துப்போன குழந்தை முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுபதுகளில் செஞ்சியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு குழந்தையாவது உட்காராத வருஷமே கிடையாது. காய்ச்சல், பிரசவம், பாம்பு, கிணறு என்று சாவு ஏதாவது ஒரு வழியில் வந்துகொண்டேயிருந்தது. நானும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாண்டிச்சேரி பஸ்

ஜைத்தூன் கெட்டிக்காரப் பெண். பஜாரில் தகர வாளியும் சிம்னி விளக்கும் செய்து விற்கிற காதர் பாயின் மகள். அந்த வருஷம் மழைக்காலத்தில், சாயங்கால மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓட, இவள் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவாள். பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பஸ் வந்து, கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். கேட்டால், "அம்மா ஆஸ்பத்திரியிலேந்து வருது" என்பாள். அவள் அம்மா பிரசவத்துக்குப் பாண்டிச்சேரி போய் அங்கேயே இறந்துவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஜைத்தூனை அனந்தபுரத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, உடலை இங்கே கொண்டுவந்து அடக்கமும் செய்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் பாண்டிச்சேரி போகிற பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் அடையாளம் கண்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. நேராக பாயின் கடைக்குப் போனேன்.

"பாய், புள்ளைகிட்ட சொல்லிடுங்க."

அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "எப்படி டீச்சர் சொல்றது? சின்னப் புள்ள தாங்குமா? தானா மறந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"மறக்கிற புள்ளயா பஸ் ஏறும்? இன்னிக்கு கண்டக்டர் பாத்துட்டாரு. நாளைக்கு யார் பாப்பாங்க?"

அவர் எழுந்து கடைக்கதவில் பாதியை இழுத்துச் சாத்தினார். பிறகு, "நீங்க கூட இருங்க" என்றார். இருந்தேன். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "அம்மா மவுத்தாயிடுச்சும்மா" என்றார். "மவுத்துன்னா, ரம்ஜானுக்கு வருமா?" என்று கேட்டாள். "வராதும்மா. எப்பவும் வராது." "அதுக்குப் பசிக்குமா அத்தா?" "பசிக்காது. வலிக்காது." அவள் அழுதாள். தன் சின்னக் கைகளால் அப்பாவின் நெஞ்சில் அடித்தாள். அவர் அடி வாங்கிக்கொண்டே அணைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவளைக் கபர்ஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைக் காட்டினார். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, "எங்கம்மா மவுத்தாயிடுச்சு, நான் எடத்தைப் பாத்தேன்" என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவது நின்றது. சில வாரம் கழித்து பாய் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. "பஸ்ஸையே பாத்துக்கினு இருந்த கண்ணு டீச்சர், இப்பத்தான் என்னைப் பாக்குது" என்றார்.

அம்மனுக்கு விட்ட ஆடு

மேல்மலையனூர் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தான் முருகன். அவன் பின்னாலேயே ஓர் ஆடும் வரும். பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே நின்று, மணி அடிக்கிறவரை வேலியைத் தின்னும். இவன் கைக்குழந்தையாக இருந்தபோது பிழைக்க மாட்டான் என்று பயந்து, அங்காளம்மனுக்கு ஆடு வெட்டுவதாக வேண்டிக்கொண்டார்களாம். வேண்டுதல் இந்த ஆட்டின் மேல் விழுந்துவிட்டது. அமாவாசைப் பூசை கழிந்த மறுநாள் முருகன் தனியாக வந்தான். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தான். "ஆட்டுக்குப் போயி அழறான்டா" என்று பின் பெஞ்சு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "அது இன்னா தின்னும், எங்கே படுக்கும், எல்லாம் சொல்லுடா" என்று அவனை முன்னால் நிறுத்தினேன். தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். அது அவன் சட்டைப் பொத்தானைத் தின்ற கதை வந்ததும் வகுப்பு மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான். உடனே ஒருத்தி லாரியில் அடிபட்ட தன் நாயைப் பற்றிச் சொன்னாள். இன்னொருவன் கீரிப்பிள்ளை தூக்கிப்போன கோழிக்குஞ்சைப் பற்றிச் சொன்னான். பாதி வகுப்பு கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டது. சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் ஓடி வந்து, "யாரும்மா செத்தது?" என்றார். "ஆடுங்க ஐயா" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார். முருகன் தட்டை இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தபிறகு என்னைக் கேட்டான்: "அம்மனுக்கு வேற ஆடே கெடைக்கலியா டீச்சர்?"

வாய்க்குப் பூட்டு

செல்வியை எனக்கு முதலில் தெரியவந்ததே அவள் வாயால்தான். அரிச்சுவடி திறக்கும்போது ஆரம்பித்தால், மணி அடிக்கிறவரைக்கும் நிறுத்தாத வாய். கைக்குழந்தைத் தம்பி வயிற்றாலே போய் இறந்தபிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், பேச்சு வரவில்லை. ஆஜர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். வீட்டிலும் அப்படித்தான் என்றாள் அவள் அம்மா. காற்று கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். பிள்ளை இழந்த அந்தத் தாய்க்கு இதையும் சேர்த்துத் தாங்கத் தெம்பில்லை. "ஒண்ணு போச்சு, இன்னொண்ணு இப்படி ஆயிடுச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் பக்கத்துப் பையன் செல்வியின் பலப்பத்தைப் பிடுங்கினான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தாள். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் கோபம் போய் பயம் வந்திருந்தது. எனக்குச் சுரீரென்றது. இது பேச்சு வராத வாயில்லை, பூட்டுப் போட்ட வாய். மத்தியானம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பேசினா இன்னாம்மா ஆயிடும்?" என்று கேட்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "செத்துப் பூடுவாங்க." கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. தம்பி ஓயாமல் அழுதுகொண்டிருந்தான். அம்மா மடியில் இவளுக்கு இடமில்லை. ஆத்திரத்தில், "நீ செத்துப் போ" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே அவன் செத்துப்போனான்.

யோசித்துப் பாருங்கள், அந்தச் சின்ன நெஞ்சு எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. "தம்பி வயித்தால போயி செத்துது, உன் பேச்சால இல்ல" என்றேன். நம்பவில்லை. பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேறு வழி தோன்றவில்லை. "அப்படின்னா என்னைச் சொல்லு, 'டீச்சர், நீ செத்துப் போ'ன்னு. நாளைக்கு நான் வரேனா இல்லையான்னு பாரு" என்றேன். மாட்டேன் என்று அழுதாள். விடவில்லை. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூட கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றாள். நான் வந்ததும் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கும் வரணும்" என்று கிசுகிசுத்து விரலை ஆட்டினாள். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை வேறு. அந்த ஊரில் அந்த மாதம் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? ஆனால் நான் படுக்க முடியுமா? மறுநாள் காலையில் கஷாயத்தைக் குடித்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "அந்தப் பொண்ணு சொன்னது பலிக்காது, நீ மழையில போறதுதான் பலிக்கும்" என்று என் வீட்டுக்காரர் வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார். காய்ச்சல் விட்டபிறகும் லீவு எடுக்கத் துணியவில்லை. என் சர்வீஸிலேயே லீவு போடாத வருஷம் அது ஒன்றுதான். செல்வி கேட்டில் நிற்பது மெல்லக் குறைந்தது. ஆஜருக்கு, "உள்ளேன் டீச்சர்" என்று முனகினாள். பிறகு சத்தமாகச் சொன்னாள். அவள் அம்மாவிடமும் நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தாய் வீட்டுக்குப் போனதும் மகளை மடியில் போட்டுக்கொண்டாளாம். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது பழைய செல்வி முழுசாகத் திரும்பி வந்திருந்தாள். ஹெட்மாஸ்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்று காதைப் பொத்திக்கொண்டார். "டீச்சரம்மா, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க, ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்குது!"

இது எந்தப் பாடம்?

குமார் என்று ஒரு பையன். நன்றாக ஓடுவான். ராஜகிரிக் கோட்டை அடிவாரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் வந்தேன் என்று தினமும் பீற்றிக்கொள்வான். மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். அவன் உட்கார்ந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. கூட்டிப் பெருக்குகிறவள்கூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். புளியமரத்தில் குமார் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவன் கிளப்பிவிட, பாதிப் பிள்ளைகள் ஒன்றுக்குப் போகவே பயந்தார்கள். "அவன் பேச்சையே எடுக்காதீங்கம்மா, தானா சரியாயிடும்" என்றார் ஹெட்மாஸ்டர். நான் எடுக்கவில்லை, பிள்ளைகளே எடுத்தார்கள்.

மத்தியான இடைவேளையில் மைதானத்தில் பறைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வேலியில் ஒடித்த கிளுவைக் குச்சியில் பாடை கட்டி, அதில் துணி சுற்றிய செங்கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். பால்பவுடர் டின் பறையாகியிருந்தது. இரண்டு பெண்கள் தலைவிரி கோலமாக ஒப்பாரி. ஒருவன் கொள்ளிச்சட்டி. யார் முன்னால் தூக்குவது என்று ஒரு சண்டை வேறு. பக்கத்து வகுப்பு டீச்சர், "அபசகுனம், பிரம்பை எடுங்க" என்றாள். நான் எடுக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுத்தான், ஆனால் ஒருத்தர் முகத்திலும் விளையாட்டு இல்லை. வீட்டில் இவர்களை யாரும் குமாரின் சாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதை இங்கே தாங்களாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் தினமும் குமார் செங்கல்லாகப் புதைக்கப்பட்டான். தினமும் நான் வேப்பமர நிழலில் நின்று காவல் காத்தேன்.

அந்த வாரம்தானா இன்ஸ்பெக்டர் வர வேண்டும்! அவர் கேட்டைத் தாண்டி உள்ளே நுழையவும், ஊர்வலம் எதிரே வரவும் சரியாக இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். நிஜச் சாவுக்கு வழிவிடுகிற மாதிரியே நின்றார். ஊர்வலம் தாண்டியதும் ஹெட்மாஸ்டரிடம் திரும்பி, "இது எந்தப் பாடம்?" என்றார்.  ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சமூக பாடம்ங்க ஐயா" என்றார். இன்ஸ்பெக்டர் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். செத்தது யார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மூன்றாம் வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் டின் சத்தம் கேட்டது, தாளம் மாறியிருந்தது. அதே கிளுவைக் குச்சிகள்தான், மேலே பூவரச இலை சொருகிப் பல்லக்காகியிருந்தது. உள்ளே செங்கல் இல்லை, செம்பருத்திப் பூ வைத்துக்கொண்ட ஒரு கல்யாணப் பொண்ணு. வகுப்பில் குமாரின் இடத்தில் ஒருவன் சாதாரணமாகப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். "இன்னாடா, இன்னிக்குச் சாவு இல்லியா?" என்று கேட்டேன். முன்பு கொள்ளிச்சட்டி தூக்கினவன் பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்: "குமாரை நல்லபடியா அனுப்பிச்சாச்சு டீச்சர், இனிமே கல்யாணம்தான்."

வீரன் மகன்

பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர் எல்லையில் இறந்துபோனார். அவர் மகன் தனசேகர் என் வகுப்பு. ஊரே திரண்டு அந்த வீட்டுக்குப் போய் மரியாதை செய்தது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் போனவர்கள் எல்லோரும் அந்தப் பையன் தலையில் கை வைத்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "வீரன் மகன் அழக்கூடாது." அவனும் அழவில்லை. அழாத பிள்ளைக்குத் தினமும் பத்து மணிக்கு வயிற்றுவலி வந்தது. வகுப்பிலேயே டிராயரை நனைத்தான். நான் அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு, "என் வகுப்புல யார் வேணா அழலாம். வெளியில அழணும்னு தோணினாலும் அழு. கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். தலையாட்டினான். அப்போதும் அழவில்லை.

குடியரசு தினத்துக்குப் பஜாரில் மேடை போட்டார்கள். தனசேகரையும் அவன் அம்மாவையும் மேடையில் உட்கார வைத்தார்கள். அவனுக்குப் போட்ட மாலை முழங்கால் வரைக்கும் தொங்கியது. வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர் நன்றாகப் பேசினார். பேசி முடித்து, பையனைத் தூக்கி மைக் முன்னால் நிறுத்தி, "தம்பி, நீயும் பெரியவனாகி அப்பா மாதிரி பட்டாளத்துக்குப் போவியா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. தனசேகர் கூட்டத்தில் என்னைத் தேடினான். முன்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கண் என்னைக் கண்டுபிடித்தது. "எனக்கு நைனா வேணும்" என்றான். ஸ்பீக்கர் அதைக் கடைசிக் கடை வரைக்கும் கொண்டுபோனது. பிறகு அழுதான். இத்தனை மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. விழா நடத்துகிறவர், "புள்ளைய யாராவது எறக்கிக் கூட்டிக்கினு போங்கப்பா" என்று பதறினார். நான் எழுந்து மேடைக்குப் போனேன்.  அவனை இறக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தேன். "அழட்டுங்க ஐயா, கொஞ்ச நேரம்தான்" என்று பெரிய மனிதரிடம் சொன்னேன். நல்லவர் அவர், மைக்கை ஒதுக்கிவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்குள் அவன் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டாள். தந்தி வந்த நாளிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவள் அவள். மகனை வாரிக்கொண்டு அவளும் அழுதாள். கூட்டத்தில் முந்தானைகள் எழுந்தன; மீசை வைத்தவர்கள் ராஜகிரி மலையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவனுக்குப் பத்து மணி வயிற்றுவலி வரவில்லை. விழாவைக் கெடுத்துவிட்டேன் என்று சிலர் என் மேல் புகார் சொன்னார்கள். அவன் அம்மாதான் அதற்குப் பதில் சொன்னாள், பள்ளிக்கூட வாசலில், நாலு பேர் கேட்க: "எம் புருஷனுக்கு ஊரே மாலை போட்டுது டீச்சர், எம் புள்ள ஒருத்தன்தான் அழுதான்."

ஆக, என் அருமைச் சக பாவிகளே, இத்தனை வருஷ சர்வீஸில் நான் கண்டது இவ்வளவுதான்: பிள்ளைகளைத் தேற்றுவது சுலபம், அவர்களைத் தேற்ற வருகிற பெரியவர்களைச் சமாளிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் போதாது.